சில்லு ஏறி இறங்கும்போது என்ன நடக்கிறது?

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் கராஜில் கையில் தரும் தாளில் உள்ள எண்கள், கார் அசையாமல் நிற்கும்போது மட்டும்தான் சரி. வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறியதுமே அவை மாறிவிடும். சில்லு காரின் உடலோடு இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. சில இரும்புக் கைகளின் நுனியில் பிடித்து வைக்கப்பட்டது. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் தன் மூட்டைச் சுற்றி வட்டமாக அசைகின்றன. ஆகவே சில்லு மேலே போனாலும் கீழே வந்தாலும் நேர்கோட்டில் போவதில்லை. சாய்ந்துகொண்டும் திரும்பிக்கொண்டும்தான் போகிறது. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் சொன்னபடி கேட்குமா, நடுவழியில் பின்பக்கத்தை வீசிவிடுமா என்பது தாளில் உள்ள எண்ணைவிட, அந்த எண் எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அளக்கப்படும் கோணங்கள் மூன்று. காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சில்லு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். மேல்விளிம்பு காரின் பக்கம் சாய்ந்தால் மைனஸ், வெளிப்பக்கம் சாய்ந்தால் பிளஸ். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சில்லுகளின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். காஸ்டர் சஸ்பென்ஷன் அசைவால் அதிகம் மாறுவதில்லை, மாறினாலும் பெரிய தொல்லை தருவதில்லை. கேம்பரும் டோவும் அப்படியல்ல.

சாதாரணக் காரில் இந்த மாற்றங்களை டயரின் உயரமான பக்கச்சுவர் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் காரின் டயர் அகலமானது, பக்கச்சுவர் குட்டையானது, விறைப்பானது. தரையைத் தட்டையாகத் தொடும் வரைக்கும் அதன் பிடி அபாரம். இரண்டு பாகை சாய்ந்தால் பாரம் முழுவதும் ஒரு விளிம்புக்குப் போய்விடும். ஸ்போர்ட்ஸ் காரின் சில்லு குடும்பக் காரின் சில்லைவிடக் குறைவாகத்தான் ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தக் குறைந்த அசைவுக்கு அது கொடுக்கும் விலை பெரியது.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய நிலம் தட்டையானது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே தெற்கே ஓடும் ஏ4 வீதியில் கொண்டை ஊசி வளைவு என்று ஒன்று கிடையாது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் சரி, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைத் தாண்டி மேற்குக் கரையான படுவான்கரையிலும் சரி, கார் சாய்வதைவிடக் குதிப்பதுதான் அதிகம். வேகத்தடை, பாலத்தின் தொடக்கத்தில் ஒரு தூக்கல், மாரி மழை தோண்டிவிட்டுப் போன குழி. ஆனால் செங்கலடியில் பிரியும் ஏ5 வீதி கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று ஏறிப் பதுளையைத் தொட்டு, அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போகிறது. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் அந்த நுவரெலியாவில்தான் நடக்கிறது. ஒரே வீதியின் ஒரு முனையில் இரண்டு சில்லுகளும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன. மறுமுனையில் கார் சாய்வதால் வெளிச்சில்லு ஏற, உட்சில்லு இறங்குகிறது. சஸ்பென்ஷன் வடிவமைப்பவரிடம் இந்த இரண்டு முனைகளும் கேட்பது எதிரெதிரான இரண்டு விடயங்கள். மற்ற எல்லாச் சிக்கலும் இதிலிருந்து பிறப்பதுதான்.

எவ்வளவு சிக்கலான சஸ்பென்ஷனாக இருந்தாலும், முன்னாலிருந்து பார்த்தால் ஒரு குறிப்பிட்ட கணத்தில் சில்லு ஒரே ஒரு கற்பனைக் கையின் நுனியில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கை எவ்வளவு நீளம் என்பதே கேள்வி. கை குட்டையானால் சில்லு கொஞ்சம் ஏறினாலும் அதிகம் சாயும். நீளமானால் மெதுவாகச் சாயும். முடிவில்லாத நீளமானால் சாயவே சாயாது.

கணக்காகவே பார்க்கலாம். இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் நடுவே 150 செ.மீ உள்ள ஒரு கார் வளைவில் 3 பாகை சாய்கிறது. வெளிச்சில்லு காரின் உடலை நோக்கி ஏறக்குறைய 3.9 செ.மீ ஏறும். கற்பனைக் கை முடிவில்லாத நீளமானால் சில்லு உடலோடு சேர்ந்து 3 பாகையும் வெளிப்பக்கம் சாயும். டயரின் வெளிவிளிம்புதான் பாரத்தைத் தாங்கும். கையின் நீளம் 200 செ.மீ என்றால் அந்த 3.9 செ.மீ ஏற்றம் 1.1 பாகை மைனஸ் கேம்பரைத் தரும், மிச்சம் 1.9 பாகை பிளஸ். கராஜில் முன்கூட்டியே 1.5 பாகை மைனஸ் வைத்திருந்தால் வளைவின் நடுவில் டயர் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் சில்லுகள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது அழகுக்காக அல்ல, இந்த 1.9 பாகைக்காக.

அப்படியானால் கையை 75 செ.மீ ஆக்கிவிட்டால் என்ன? சாய்வில் இழப்பதும் ஏற்றத்தில் பெறுவதும் சரிக்குச் சரியாகி, வளைவில் சில்லு எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். காகிதத்தில் இது அருமை. ஆனால் நேர்வீதியில் ஒரு வேகத்தடையில் இரண்டு சில்லுகளும் 5 செ.மீ ஏறினால் ஒவ்வொன்றும் 3.8 பாகை சாய்ந்துவிடும். பிரேக் பிடித்து மூக்கு தாழ்ந்தாலும் அதே கதை. நுவரெலியாவுக்கு நல்லது ஏ4 வீதிக்கு ஆகாது. இரண்டையும் ஒரே காரில் முழுதாகப் பெற இந்த வடிவியலில் வழியே இல்லை. எங்கே விட்டுக்கொடுப்பது என்பதுதான் தெரிவு.

இந்தத் தெரிவின் ஒரு கோடியில் நிற்கிறது ஓட்டோ. பஜாஜ் ஓட்டோவின் பின்சில்லு ஒவ்வொன்றையும் தாங்கும் கை முன்பின்னாகக் கிடக்கிறது. அதன் மூட்டு குறுக்காக இருக்கிறது. எத்தனை குழியில் விழுந்து எழுந்தாலும் சில்லின் கேம்பர் மாறாது. ஆனால் வளைவில் உடல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவும் சில்லும் சாயும். ஓட்டோ ஓடும் வேகத்துக்கு அது போதும்.

மறுகோடியைச் சென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரித்தானிய டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. அதன் பின்சில்லுகள் ஊசல் அச்சு என்று சொல்லத்தக்க அமைப்பில் இருந்தன. நடுவில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. மூட்டிலிருந்து சில்லு வரை ஒற்றை அரை அச்சு. கற்பனைக் கையெல்லாம் இங்கே தேவையில்லை, அரை அச்சே கை. அதன் நீளம் அரை மீட்டர் அளவென்று வைத்தால், சில்லு 5 செ.மீ ஏறும்போது 5.7 பாகை சாயும். அத்தோடு, 30 செ.மீ ஆரமுள்ள டயரின் அடிப்பாகம் தரையில் கிட்டத்தட்ட 2.75 செ.மீ வெளிப்பக்கம் தள்ளப்படும். ஒவ்வொரு மேட்டிலும் டயர் குறுக்காகத் தேய்ந்துகொண்டே போகும் என்பதுதான் இதன் பொருள்.

பின்னால் மூன்று பேர் ஏறி, டிக்கியில் மூட்டையும் வைத்தால் ஹெரால்டின் பின்சில்லுகள் கால் அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு தேய்ந்து போகும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் நேர்மாறு: சில்லுகள் தொங்கி, அடிப்பாகங்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடங்கும். இறக்கிய பிறகும் உடனே நிமிராது. டயர் தரையில் ஒட்டிக்கொண்டு மடங்கியபடியே நிற்க, காரின் பின்பக்கம் தூக்கலாகவே இருக்கும். இரண்டு பேர் பிடித்து நாலைந்து மீட்டர் தள்ளி உருட்டினால்தான் சில்லு தன் இடத்துக்கு வரும். சஸ்பென்ஷன் அசைவுக்கும் அலைன்மென்டுக்கும் உள்ள உறவை ஒரு மாணவனுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் வேறு கிடையாது.

இதே சட்டத்தின்மேல் 1962இல் இங்கிலாந்தில் கட்டியதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். குடும்பக் காரில் டயரைத் தின்ற குறை, ஸ்போர்ட்ஸ் காரில் உயிருக்கே ஆபத்தாகும் குறையாயிற்று. வளைவில் வேகமாகப் போகையில் வெளி டயரில் தரை கொடுக்கும் பக்கவிசை, உயரத்தில் இருக்கும் மூட்டுக்குக் கீழே வேலை செய்வதால், அரை அச்சை நெம்புகோலாக்கி உடலையே மேலே தூக்கப் பார்க்கும். அந்த நேரம் ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இன்னும் எழும்பும். உடல் எழும்ப எழும்பச் சில்லு தொங்கும், தொங்கும் சில்லு பிளஸ் கேம்பருக்குப் போகும், ஜாக்கியில் கண்ட அதே மடங்கல் வளைவின் நடுவே நிகழும். பிடி ஒரே நொடியில் போய்விடும். 1970இன் ஸ்பிட்ஃபயரில் டிரையம்ப் செய்த மருந்து எளிமையானது. குறுக்கே கிடந்த தகட்டு ஸ்பிரிங்கின் பெரும்பாலான தகடுகளை நடுவில் ஊசலாட விட்டது. அதனால் பின்பக்கம் சாய்வை எதிர்க்கும் விறைப்பு குறைந்து, உடல் தூக்கப்படுவதும் குறைந்தது.

இந்த நோயைப் பெரிய பெயர்களும் அனுபவித்தன. மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் 1954 வடிவத்தில் இரண்டு தனித்தனி மூட்டுகளோடு இருந்த ஊசல் அச்சு, 1957இன் திறந்த கூரைக் காரில் ஒரே தாழ்ந்த மூட்டாக மாற்றப்பட்டது. மூட்டு தாழ்ந்தால் நெம்பும் விசை குறையும். கையும் நீளும். அமெரிக்காவின் 1960 செவர்லே கோர்வேரின் ஊசல் அச்சு, ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலால் நாட்டுப் பிரச்சினையாகவே ஆனது.

சென்னை எடுத்த முடிவு வேறு. 1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில் ஊசல் அச்சையே தூக்கிவிட்டு, இரு சில்லுகளையும் ஒரே குழாயில் இணைக்கும் திட அச்சைப் போட்டார்கள். ஊசல் அச்சு இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். பொறியியல் நூல்கள் இதைப் பின்வாங்கல் என்று எழுதக்கூடும். வீதியையும் சுமையையும் பார்த்தால் அது சரியான முடிவு. திட அச்சில் எத்தனை பேர் ஏறினாலும் சில்லு நிமிர்ந்தே நிற்கும், டோ மாறாது. ஆனால் ஒரு சில்லு மட்டும் 5 செ.மீ மேட்டில் ஏறும்போது, 120 செ.மீ அகல அச்சில், இரண்டு சில்லுகளும் சேர்ந்து 2.4 பாகை சாயும். அதன் குறை அது.

இரு கோடிக்கும் நடுவில், ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்த இடம் இரட்டை விஸ்போன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மேல்கை குட்டை, கீழ்க்கை நீளம். இரண்டு கைகளின் கோடுகளையும் காரின் நடுப்பக்கமாக நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து சில்லு வரையிலான தூரமே கற்பனைக் கையின் நீளம். கைகளின் நீளத்தையும் சாய்வையும் மாற்றி வடிவமைப்பவர் விரும்பிய நீளத்தைப் பெறலாம். அதிலும் நல்லது, மேல்கை குட்டையானதால் சில்லு ஏற ஏறக் கற்பனைக் கையும் குட்டையாகும். தொடக்கத்தில் மெதுவாகவும் ஆழத்தில் வேகமாகவும் கேம்பர் கூடும். சின்ன மேட்டில் சில்லு நிமிர்ந்தே இருக்கும், பெரிய சாய்வில் உள்நோக்கிச் சாயும். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 நாலு சில்லுக்கும் இதைக் கொடுத்தது. எளிய எஞ்சினோடு வந்த அந்தச் சிறிய கார் இத்தனை காலம் விரும்பப்படுவதற்கு இந்தக் கைகளின் வடிவியல் முக்கியமான காரணம்.

ஆனால் மட்டக்களப்பு வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்ஸியோ, அக்வா, சுவிஃப்ட் எதிலும் முன்னால் இரட்டை விஸ்போன் இல்லை. எல்லாம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இந்த அமைப்பை 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கொன்சல் பரவலாக்கியது. மேல்கைக்குப் பதிலாக ஷொக் அப்சோபரே தூணாக நின்று சில்லைப் பிடிக்கிறது. கீழே லோவர் ஆம் ஒன்று மட்டும். மலிவு, இடம் குறைவு, எஞ்சினுக்கு அகலமான இடம் கிடைக்கும். டொயோட்டா 86 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் முன்னால் இதைத்தான் வைத்திருக்கின்றன. பல பத்தாண்டுகள் ஸ்ட்ரட்டோடு ஓடிய போர்ஷே 911கூட, 2021இன் ஜிடி3 மாதிரியில்தான் முன்னால் இரட்டை விஸ்போனுக்கு மாறியது.

ஸ்ட்ரட்டின் பலவீனம் கேம்பர். கம்பனி வைத்த உயரத்தில் லோவர் ஆம் சில்லை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். சில்லு ஏறத் தொடங்கும்போது ஆமின் நுனியில் உள்ள போல் ஜொயின்ட் வெளிப்பக்கம் நகர்ந்து கொஞ்சம் மைனஸ் கேம்பர் தரும். ஆம் ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தாகும் நிலையைத் தாண்டியதும் கதை தலைகீழ். இதற்குமேல் ஏறினால் போல் ஜொயின்ட் உள்ளே இழுபட்டு, சில்லு பிளஸ் பக்கம் போகத் தொடங்கும். காரைத் தாழ்த்துபவர்கள் செய்வது, நிற்கும்போதே லோவர் ஆமை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் வைப்பது. பார்வைக்குக் கார் பந்தயக் கார்போல் இருக்கும். வளைவில் வெளி டயர் கம்பனி உயரத்தில் இருந்ததைவிட அதிகமாக வெளிவிளிம்பில் நிற்கும்.

டோவின் மாற்றம் இதைவிட மோசம். சில்லைத் திருப்பும் டை ரொட்டும் ஒரு கைதான். அதுவும் தன் வட்டத்தில்தான் போகும். லோவர் ஆமின் வட்டமும் டை ரொட்டின் வட்டமும் ஒத்துப்போகாவிட்டால், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சில்லு திரும்பும். இதைப் பம்ப் ஸ்டியர் என்பார்கள். 35 செ.மீ லோவர் ஆம், 30 செ.மீ டை ரொட், இரண்டும் படுக்கையாக இருப்பதாக வைத்து, சில்லை 5 செ.மீ ஏற்றினால், ஆமின் நுனி 3.6 மி.மீ உள்ளே வரும், ரொட்டின் நுனி 4.2 மி.மீ உள்ளே வரும். வித்தியாசம் 0.6 மி.மீ. சில்லையும் டை ரொட்டையும் இணைக்கும் ஸ்டியரிங் ஆம் 12 செ.மீ என்றால் சில்லு 0.29 பாகை திரும்பும். 60 செ.மீ டயரில் இது 3 மி.மீ டோ.

அதே காரை 4 செ.மீ தாழ்த்தி, மீண்டும் 5 செ.மீ ஏற்றினால் வித்தியாசம் 0.6 மி.மீட்டரிலிருந்து ஏறக்குறைய 1.7 மி.மீ ஆகிறது. சில்லு 0.79 பாகை திரும்பும். தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் செய்து டோவைப் பூச்சியமாக்கிக் கொண்டாலும் இது மாறாது. தாள் பச்சை காட்டும், வீதியில் பம்ப் ஸ்டியர் இரண்டரை மடங்குக்கும் மேலாகியிருக்கும். எடுத்துக்காட்டுக்கான அளவுகள்தான் இவை. காருக்குக் கார் எண் வேறுபடும், போக்கு மாறாது.

இரண்டு முன்சில்லுகளும் சேர்ந்து ஒரு வேகத்தடையில் ஏறும்போது இரண்டும் எதிரெதிராகத் திரும்புவதால் கார் நேரே போகும்; டயர் மட்டும் தேயும். இடச்சில்லு மட்டும் குழியில் இறங்கினால் சமன்செய்ய மறுபக்கம் எதுவும் இல்லை. கார் தானாக ஒரு பக்கம் எட்டிப் பாயும். எதிரே பஸ் வரும் ஒடுங்கிய வீதியில் இந்தப் பாய்ச்சல் எவ்வளவு பயங்கரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் ஆமின் சாய்வைத் திரும்பக் கொண்டுவரும் நீண்ட போல் ஜொயின்ட்டும், ரொட்டின் உயரத்தைச் சரிசெய்யும் துண்டும் சேர்த்தே போட வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது எந்தக் காருக்கும் செய்யக்கூடாத வேலை.

பின்சில்லின் டோ மாறுவது முன்சில்லின் டோ மாறுவதைவிட ஆபத்தானது. முன்சில்லு திரும்பினால் கையில் தெரியும். பின்சில்லு திரும்பினால் கார் திரும்பிய பிறகுதான் தெரியும். 1999இல் வந்த ஹொண்டா எஸ்2000 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பின்சில்லு ஏறும்போது கணிசமாக டோ-இன் ஆகும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. வளைவில் பாரம் ஏறிய வெளிச்சில்லு உள்நோக்கித் திரும்பி, பின்பக்கத்தை உறுதியாகப் பிடிக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால் நடுவளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் எழும்பி, பிடித்துக்கொண்டிருந்த அந்த டோ-இன் கையிலிருந்து நழுவிவிடும். மேடுபள்ளமான வளைவில் ஒவ்வொரு மேடும் பின்பக்கத்தை ஒரு முறை திருப்பிவிடும். அனுபவமில்லாத பலர் அந்தக் காரில் சுழன்றார்கள். 2004 மாதிரியில் ஹொண்டா இந்த டோ மாற்றத்தைக் குறைத்தது.

மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களும் கோணத்தை மாற்றும். பழைய பின்கை அமைப்புகளில் வேகத்தைக் குறைக்கும்போது சில்லு பின்னோக்கி இழுபட்டு, புஷ் நசுங்கி, டோ-அவுட் ஆகும்; வளைவில் அது கொஞ்சமும் வேண்டாத ஒன்று. போர்ஷே 1977இல் வெளியிட்ட 928 காரில், தன் ஆய்வு நிலையம் இருக்கும் ஊரின் பெயரால் வைசாக் அச்சு என்று அழைக்கப்பட்ட அமைப்பு இதைத் திருப்பிப் போட்டது. சில்லு பின்னே இழுபடும்போது முன்மூட்டில் உள்ள சிறு இணைப்பு ஊசலாடி, சில்லை டோ-இன் பக்கம் திருப்பும். புஷ் நசுங்குவதைத் தடுக்காமல், நசுங்கும் திசையைத் தேர்ந்துகொண்டார்கள். சஸ்பென்ஷன் வரலாற்றில் மிக அழகான தீர்வுகளில் இது ஒன்று.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் கார்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கேம்பரையும் டோவையும் மாற்றுவதற்கென்று சில கார்களில் மையம் விலகிய போல்ட்டுகள் இருக்கும். எம்எக்ஸ்-5 அந்த வகை. உப்புக்காற்றில் அந்தப் போல்ட் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு துரு ஏறி ஒட்டிக்கொள்ளும். பிறகு அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினாலும் திருப்ப முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது தளர்த்தி, கிரீஸ் பூசி, திரும்பப் பூட்டி வைத்தால் இந்த நிலை வராது.

டொல்பின் வானில் முன்பக்கத்தைத் தூக்குவதற்காக, ஸ்பிரிங்காக இருக்கும் டோர்சன் பாரை முறுக்கும் வழக்கமும் இதே கணக்கில்தான் சேரும். அதன் முன்பக்கம் இரட்டை விஸ்போன். உயரத்தைக் கூட்டினால் சில்லு தொங்கி, கேம்பர், டோ இரண்டும் மாறும். பாரை முறுக்கிய ஒவ்வொரு முறையும் அலைன்மென்டைப் புதிதாகச் செய்யாவிட்டால் டயர் விரைவில் கதை சொல்லிவிடும்.

டயர் சொல்லும் கதையை வாசிக்கக் கை போதும். ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் மெத்தென்றும் எதிர்த் திசையில் அரம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ. பந்தயக்காரர்கள் தேயும் வரை காத்திருப்பதில்லை. ஓடி வந்த உடனே டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் வெப்பத்தை அளக்கிறார்கள். வெளிவிளிம்பு அதிகம் சூடென்றால் வளைவில் மைனஸ் கேம்பர் போதவில்லை. நிற்கும் காரின் கோணத்தை அல்ல, ஓடும் காரின் கோணத்தை அளக்க இருப்பதில் எளிய வழி இது.

டோ எப்படி மாறுகிறது என்பதை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். சமதரையில் காரை நிறுத்தி, இரு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் ஒன்றுக்கொன்று இணையாகத் தங்கூசியை இழுத்துக் கட்ட வேண்டும். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தின் வித்தியாசமே டோ. இதை ஒரு தடவை வெறும் காரில் அளந்து, பிறகு முன்பக்கத்தில் ஆட்களை உட்கார வைத்து 2 செ.மீ, 3 செ.மீ என்று தாழ்த்தி, ஒவ்வொரு நிலையிலும் காரைச் சற்று முன்பின் உருட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஹெரால்டில் கண்டதுபோல, உருட்டாமல் அளந்தால் டயரின் இறுக்கம் பொய் சொல்லும். கிடைத்த எண்களைக் கோடாக வரைந்தால் அதுதான் அந்தக் காரின் உண்மையான அலைன்மென்ட். கோடு கிட்டத்தட்ட நேராக நின்றால் கார் நல்லது. பக்கமாக ஓடினால் ஸ்பிரிங்கிலோ ஆமிலோ புஷ்ஷிலோ ஏதோ தவறு இருக்கக்கூடும்.

கராஜிலும் கேட்க வேண்டியவை அதிகமில்லை. அளப்பதற்கு முன் டயர்களில் காற்று சரிபார்க்கப்பட்டதா, கார் உருட்டி, அழுத்திவிட்டு நிலைக்கு வந்ததா, லோவர் ஆம் புஷ்ஷும் போல் ஜொயின்ட்டும் ஆடுகின்றனவா என்று பார்த்தார்களா? புஷ் ஆடும் காருக்குச் செய்த அலைன்மென்ட் வாசலைத் தாண்டும் வரைக்கும்கூட நிற்காது. புது லோவர் ஆம் போட்டிருந்தால் அதன் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகி, உயரம், கோணம் இரண்டும் கெடும். வழக்கமாக நாலு பேரும் சாமானுமாக ஏ5 வீதியில் ஏறும் காராக இருந்தால், ஓட்டுநர் இருக்கையிலும் பின்னாலும் அதே பாரத்தை வைத்து அளக்கச் சொல்லலாம். பந்தயக் காருக்கு ஓட்டுநரின் எடை வைத்துத்தான் அளக்கிறார்கள். குடும்பக் காருக்கும் அதே முறை பொருந்தும். தாளை வாங்கும்போது எந்த உயரத்தில், எவ்வளவு பாரத்தோடு அளந்தது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இருக்காது.